அம்பலம், வாடி வீடு, பங்களா: சபரகமுவையின் தங்குமிடங்கள்

இலங்கையின் சபரகமுவை மாகாணத்தில் வழிப்போக்கருக்கு இடமும் சோறும் ஏற்பாடு செய்த செய்தி பதினோராம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கிறது. சிவனொளிபாதமலைக்கு நடந்து செல்லும் யாத்திரிகர் வழியில் படும் பாட்டை அறிந்த முதலாம் விஜயபாகு (ஆட்சி 1055–1110), கிலிமலை என்ற ஊரின் வருவாயை அவர்களுக்கு உணவளிக்க விட்டான் என்று பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. மலைக்குப் போகும் மற்றப் பாதைகளிலும் இத்தகைய தருமங்களை அவன் ஏற்படுத்தினான். இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாக மலையேறுவோர் இன்றும் கிலிமலையைத் தாண்டித்தான் போகிறார்கள்.

இந்த மலைக்குப் பாரசீகத்தாரும் வந்தார்கள். 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோ யாத்திரிகர் இப்னு பதூதா, பாதமலைக்கு வழி திறந்தவர் சிராஸ் நகரத்து ஞானி அபூ அப்துல்லா இப்னு கஃபீஃப் என்று எழுதியிருக்கிறார். பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து இப்னு பதூதாவை மலைக்கு அனுப்பிவைத்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. அந்தத் தமிழ் மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும் இப்னு பதூதா குறித்துவைத்திருக்கிறார். மலை மேல் அவர் கண்ட தங்குமிடம் ஒரு குகை. யாத்திரிகர் மூட்டை முடிச்சுகளை அங்கே வைத்துவிட்டு, மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் பாதத்தைத் தரிசித்துவருவது அன்றைய வழக்கம்.

மலைக்குக் கீழே உள்ள பாதைகளில் குகைகளுக்குப் பதிலாக அம்பலங்கள் இருந்தன. சிங்களத்தில் ‘அம்பலம’ என்று வழங்குவது நம்முடைய அம்பலம்தான். பொது இடம் என்ற பழைய பொருளை அந்தச் சொல் அங்கே விடாமல் வைத்திருக்கிறது. நல்ல அம்பலம் ஒன்றைக் கட்டுவதற்கு முதலில் நான்கு மூலைக்கு நான்கு பாறாங்கற்களைப் போடுவார்கள். கற்களின் மேல் முழு மரங்களைச் சதுரமாகச் செதுக்கிக் கிடத்துவார்கள். அந்த மரங்களே கட்டடத்துக்கு அத்திவாரம், வருகிறவர் உட்காரத் திண்ணையும் அவைதாம். அவற்றின் மேல் தூண்கள் நிற்கும், தூண்களின் மேல் ஓட்டுக்கூரை இருக்கும். மரம் மண்ணில் படாததால் கறையான் எளிதில் ஏறாது. மழைவெள்ளம் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஓடிவிடும். ஆண்டில் பாதி நாள் மழை பெய்கிற சபரகமுவைக்கு இதைவிடப் பொருத்தமான கட்டட முறை அமைவது கடினம். கதவு கிடையாது, ஆகவே பூட்டும் இல்லை. பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பானை இருக்கும். வந்தவர் மூன்று கல்லைக் கூட்டிச் சமைத்து, பாயை விரித்துப் படுத்து, விடிந்ததும் நடந்துவிடுவார். தமிழ்நாட்டுச் சாலைகளில் சுமைதாங்கிக் கல்லை நட்டவர்களும் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர்களும் நினைத்த புண்ணியம்தான் இதிலும் இருந்தது.

1815இல் கண்டி இராச்சியம் விழுந்தது. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், கேகாலை வழியாகக் கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் சாலையைப் போட்டார். சாலையோடு சேர்ந்து வந்தது ‘ரெஸ்ட் ஹவுஸ்’. ஈழத் தமிழில் வாடி வீடு. கேகாலை மாவட்டத்து அம்பேபுஸ்ஸ வாடி வீடு 1828இல் கட்டப்பட்டது என்றும், தீவிலேயே பழையது அதுதான் என்றும் சொல்வார்கள். 1832இல் கொழும்பு–கண்டி தபால் வண்டி ஓடத் தொடங்கியபோது இந்தச் சாலை சுறுசுறுப்பானது. வாடி வீட்டுக்குக் கதவு உண்டு, கட்டில் உண்டு, கட்டணமும் உண்டு. கடமை நிமித்தம் வரும் அதிகாரிக்கே முதலிடம். அம்பலத்தில் யாரும் யாரையும் எழுப்பிவிடவில்லை. வாடி வீட்டில் யார் படுக்கலாம் என்ற கேள்வி முதல் நாளிலேயே வந்துவிட்டது. கித்துல்கலை வாடி வீடு இந்த வரிசையில் தனிப் புகழ் பெற்றது. ‘குவாய் நதிப் பாலம்’ திரைப்படத்தின் பாலம் களனி கங்கையின் மேல் அதன் அருகில்தான் கட்டப்பட்டது. படம் 1957இல் வெளிவந்தது.

தோட்டங்கள் வந்தபின் மூன்றாவது வகைக் கூரை எழுந்தது. 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழிந்தது, தேயிலை ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்ந்த மலைகளை இறப்பர் பிடித்துக்கொண்டது. களனிப் பள்ளத்தாக்கின் சிறிய கோச்சிப் பாதை 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் எட்டியது. ஒவ்வொரு தோட்டத்திலும் காற்றோட்டமான மேட்டில் துரை பங்களா அமர்ந்தது: சுற்றிலும் விறாந்தை, முன்னால் புல்தரை, சற்றுத் தள்ளிக் குசினி, அப்பு, கோக்கி, தோட்டக்காரன் என்று ஒரு சிறு படை. பக்கத்துத் தோட்டத் துரை வந்தாலும், கணக்குப் பார்க்கும் விசிட்டிங் ஏஜன்ட் வந்தாலும் அங்கேதான் தங்குவார்கள். கீழே தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா ஒன்றில் ஒரு குடும்பம் முழுவதும் இருந்தது. மலையைத் திருத்திய கூட்டம் பங்களாவுக்குள் போனது வேலைக்கு மட்டுமே.

1972இன் காணிச் சீர்திருத்தமும் 1975இல் வந்த அதன் திருத்தமும் தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் போனது. துரைமாரின் தொகை குறைந்தது. பெரிய பங்களாக்களைப் பராமரிப்பது சுமையானது. பல பங்களாக்கள் பழுது பார்க்கப்பட்டு, பழைய தளபாடங்களோடு, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. ஈரானில் காஷான், யஸ்த் நகரங்களின் பழைய முற்ற வீடுகள் குறைந்த செலவில் பயணம் செய்வோருக்கும் இடம் கொடுக்கும் விடுதிகளானதும் இதே போன்ற கதைதான். ஆனால் அங்கே திறந்தது ஊர் வணிகன் குடும்பத்தோடு வாழ்ந்த வீடு. முற்றம் வைத்த வீடு சபரகமுவையிலும் உண்டு: எம்பிலிப்பிட்டியை அடுத்த மடுவன்வெல வளவு என்ற பழைய பிரபு மாளிகை. அதில் 121 அறைகளும் 21 முற்றங்களும் இருந்ததாகச் சொல்வார்கள். அது விடுதியாகவில்லை, தொல்பொருட் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. இரத்தினபுரியின் எகலப்பொல வளவில் அருங்காட்சியகம் நடக்கிறது.

புதுப்பித்த பங்களாவின் விளம்பரம் விறாந்தையையும் வெள்ளிக் கெண்டியில் வரும் தேநீரையும் சொல்லும். கட்டிய கைகளைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தால் ஆச்சரியம். பழைமையைக் காப்பது நல்ல காரியம்தான், பாதிப் பழைமையை மட்டும் காப்பதே குறை. லயங்களில் சில இடித்துத் தனி வீடுகளாக்கப்பட்டன. மீதியில் இன்னும் குடியிருக்கிறார்கள். லயத்தின் முன்பக்கத் தாழ்வாரத்துக்கு இஸ்தோப்பு என்று பெயர். ஊரிலிருந்து உறவினர் வந்தால் வீட்டுக்காரர் காம்பிராவை அவர்களுக்கு விட்டுவிட்டு, இஸ்தோப்பில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வார்.