ருவாண்டாவின் வானொலி நாடகம்

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அதனாலேயே அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் பார்த்து நகல் எழுதும் வேலை கடைசிவரை என் தலையில்தான் விழுந்தது. ருவாண்டாவைப் பற்றிப் படிக்கும்போது என்னை முதலில் உறுத்தியது அடையாள அட்டை. 1930களில் பெல்ஜியர் ஆட்சியில் ஹூட்டு, டுட்சி என்று அதில் எழுதிவைத்தார்கள். 1994 ஏப்ரலில் சாலைத் தடுப்புகளில் அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான் வெட்டினார்கள். நூறு நாளில் சுமார் 8 லட்சம் பேர். அதை எழுதியவனும் என்னைப் போல் ஒரு குமாஸ்தாவாகத்தான் இருந்திருப்பான்.

கொலைக்குத் துணைபோனது வானொலி. 1993ல் பாட்டும் கேலியுமாக ஆரம்பித்த ஆர்.டி.எல்.எம். நிலையம், பிறகு ஆட்களின் பெயரைச் சொல்லியே காட்டிக்கொடுத்தது. அதில் பிரெஞ்சில் பேசிய ஜார்ஜ் ருஜியு என்ற பெல்ஜியர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2000ல் 12 வருடத் தண்டனை பெற்றார். நான் படித்த மொழி இதற்கும் உதவியிருக்கிறது.

அதே வானொலியில் 2004ல் 'முசெகெவேயா' என்ற தொடர் நாடகம் வந்தது. 'புதிய விடியல்' என்று பொருள். நெதர்லாந்துத் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தியது. எழுதியவர்களும் நடித்தவர்களும் உள்ளூர்க்காரர்கள். ஹூட்டு, டுட்சி என்ற பேச்சே கிடையாது. புமான்சி, முஹுமுரோ என்று இரண்டு கற்பனைக் கிராமங்கள். நிலத்தகராறு, பொறாமை, ஊரைத் தூண்டிவிடும் ஒரு தலைவன், நடுவே ஷேமா, பதாமுரிசா என்ற காதலர்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கா தெரியாது? பஞ்சாயத்து ரேடியோ முன்னால் கூடி உட்கார்ந்து நாடகம் கேட்டோமே, அங்கும் அப்படித்தான் பலர் ஒன்றாகக் கேட்டார்கள்.

எலிசபெத் பாலக் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு வருடம் இதைச் சோதித்தார். சில ஊர்களில் இந்த நாடகம், மற்ற ஊர்களில் உடல்நலம் பற்றிய வேறொரு நாடகம். மனத்துக்குள் இருந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஊரில் எப்படி நடந்துகொள்வது முறை என்ற எண்ணம்தான் மாறியது. எனக்கு அது சின்ன விஷயமாகப் படவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் மனதை யார் பார்த்தது? கையை ஓங்காமல் இருந்தால் போதாதா?

கடைசியில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வானொலிப் பெட்டியும் நாடக கேசட்டுகளும் பரிசாகக் கொடுத்தார்கள். உடல்நல நாடகம் கேட்ட ஊர்களில் பெரும்பாலும் அதிகாரி ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கலைந்தார்கள். முசெகெவேயா கேட்ட ஊர்களில் யாரும் சீக்கிரம் எழுந்து போகவில்லை. பெட்டியை எப்படிப் பொதுவில் வைத்துக்கொள்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.