வாக்குச்சீட்டும் மூன்றாம் கட்சிகளும்

அமெரிக்காவில் குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி ஆகிய இரண்டுக்கும் வெளியே நின்று போட்டியிடும் அமைப்புகளை ‘மூன்றாம் கட்சி’ என்ற பொதுப்பெயரால் குறிப்பது வழக்கம். மற்றவரைவிட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவரே வென்றவர் என்னும் தேர்தல் முறையே அவை தோற்பதற்குக் காரணம் என்பர். எனினும், அதே முறை நிலவிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிறு கட்சிகள் செல்வாக்குடன் விளங்கியதால், மற்றொரு காரணத்தை வாக்குச்சீட்டின் வரலாற்றில் தேட வேண்டியுள்ளது.

1880கள் வரை வாக்குச்சீட்டை அரசு அச்சிடவில்லை. ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர்களின் பெயர்களைத் தானே அச்சிட்டு வழங்க, வாக்காளர் அச்சீட்டைப் பலர் காணப் பெட்டியில் இட்டார். மிரட்டலுக்கும் வாக்கு வணிகத்துக்கும் இடந்தந்த இந்த ஏற்பாட்டில், அச்சுக்கூலி கொடுக்க இயன்ற எந்தக் கட்சியும் களமிறங்க முடிந்தது. இரு கட்சிகள் ஒரே வேட்பாளரைத் தத்தம் சீட்டில் அச்சிட்டு வாக்குகளைச் சேர்த்துக்கொள்ளவும் முடிந்தது. ‘ஃபியூஷன்’ எனப்பட்ட கூட்டு வேட்பாளர் முறை இதுவே.

கடனாலும் ரயில் கட்டணச் சுமையாலும் நலிந்த மேற்கு, தெற்கு மாநில உழவர்களின் மக்கள் கட்சி, 1892 ஜூலையில் ஒமாஹா நகரில் மாநாடு கூட்டி, வருமானம் உயர உயர விகிதமும் உயரும் வரியையும், ரயில்வே அரசுடைமையையும், செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் கோரியது. அவ்வாண்டுத் தேர்தலில் அதன் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளையும், அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் 22 இடங்களையும் பெற்றார். அவர் வென்ற நான்கு மாநிலங்களுள் ஒன்றான கான்சாஸில் ஜனநாயகக் கட்சியினரின் ஆதரவும் அவருக்கு இருந்தது.

அரசே அச்சிட்டு, மறைவில் குறிக்கச் செய்யும் ‘ஆஸ்திரேலிய’ வாக்குச்சீட்டை மாசசூசெட்ஸ் 1888இல் சட்டமாக்கியிருந்தது. ஒமாஹா மாநாடும் அதை ஆதரித்தே தீர்மானம் இயற்றியது. ஆனால் சீட்டில் எவர் பெயர் இடம்பெறலாம் என்று விதிக்கும் அதிகாரம் அதனால் மாநிலச் சட்டமன்றங்களுக்குப் போயிற்று. அவை பெரும்பாலும் பெரிய கட்சிகளின் பிடியில் இருந்தன. ஒருவர் பெயர் ஒருமுறைக்கு மேல் சீட்டில் வரலாகாது என்று 1893இல் தெற்கு டகோட்டா தடைவிதிக்க, பிற மாநிலங்கள் பலவும் அவ்வழியே சென்றன. 1896இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளரான பிரையனையே மக்கள் கட்சியும் ஏற்றது, அதன் சரிவை விரைவுபடுத்திய தவறு என்றே கொள்ளலாம்.

வருமான வரிக்கும் செனட்டர்களின் நேரடித் தேர்தலுக்கும் வழிவகுத்த அரசியலமைப்புத் திருத்தங்கள் 1913இல் நிறைவேறியபோது, அவற்றைக் கோரிய கட்சி அரங்கில் இல்லை. கூட்டு வேட்பாளருக்கு மினசோட்டா விதித்த தடை செல்லும் என 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியூயார்க் உள்ளிட்ட மிகச் சில மாநிலங்களிலேயே அம்முறை இன்றும் நீடிக்கிறது.