தூண்டிலும் துணிக்கழியும்: குரலைத் தேடிச் சென்ற ஒலிவாங்கியின் கதை



சில ஆண்டுகளுக்கு முன்பு, ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவை ஒட்டி, என்னிடம் பயின்ற தொடக்கநிலை நான்காம் வகுப்பு மாணவர்கள் எட்டு நிமிடக் குறும்படம் ஒன்றை உருவாக்கினார்கள். கதை மிக எளியது. பாட்டிக்குப் பிடித்த பழத்தைத் தேடித் தேக்காச் சந்தைக்குச் செல்லும் ஒரு சிறுமி, மாலையில் வீடு திரும்பி, "பாட்டி, உங்களுக்கு வாழைப்பழம் வாங்கி வந்தேன்" என்பாள். அத்துடன் படம் முடியும். அந்தச் சிறுமியாக நடித்தவள் வகுப்பிலேயே மிக மெல்லப் பேசுபவள். ஆனால் 'ழ'கரத்தை அவளைப்போல் அழகாக உச்சரிப்பவர் வகுப்பில் வேறு எவரும் இல்லை. அதற்காகவே அவளைத் தேர்ந்தெடுத்தேன்.

படம் திரையிடப்பட்ட நாளில் அவளுடைய சொந்தப் பாட்டி முன்வரிசையில் அமர்ந்திருந்தார். இறுதிக் காட்சி வந்தது. மின்விசிறியின் சுழலொலி கேட்டது. சன்னலுக்கு வெளியே விரைந்த எம்ஆர்டி ரயிலின் ஓசை கேட்டது. பேத்தியின் குரல் மட்டும் கேட்கவில்லை. "வாய மட்டும் அசைக்குறா... என்னம்மா சொல்றா?" என்று அம்மூதாட்டி பக்கத்து இருக்கையில் இருந்தவரைக் கேட்டது என் காதில் விழுந்தது.

பிழை முழுவதும் என்னுடையது. கைப்பேசியை மூன்று மீட்டர் தொலைவில் முக்காலியில் பொருத்திவிட்டு, "இன்னும் சத்தமாகப் பேசு, இன்னும் சத்தமாக" என்று அவளைப் பலமுறை வற்புறுத்தினேன். அவள் குரலை உயர்த்திய போதெல்லாம் இயல்பு கெட்டது, 'ழ'கரமும் நழுவியது. அன்றிரவு, திரைப்படத் துறையினர் இச்சிக்கலை எவ்வாறு தீர்த்தார்கள் என்று தேடத் தொடங்கினேன். அத்தேடல் என்னை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின்னால் அழைத்துச் சென்றது.

பூச்சாடிக்குள் ஒளிந்த ஒலிவாங்கி

1927-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் 'தி ஜாஸ் சிங்கர்' வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஊமைப்படங்களின் காலம் முடிவுக்கு வந்தது. பேசும் படம் வந்ததும் நடிகர்கள் நடமாடும் உரிமையை இழந்தார்கள் என்பதே இதிலுள்ள விந்தை. அக்கால ஒலிவாங்கிகள் கனமானவை. எல்லாப் பக்கத்து ஓசையையும் ஒருங்கே வாங்குபவை. அவற்றைப் பூச்சாடிக்குள்ளும் மேசை விளக்கின் பின்னும் ஒளித்து வைத்தார்கள். நடிகர்கள் அவற்றின் அருகே வந்து நின்று, அசையாமல் பேச வேண்டியிருந்தது. படக்கருவி எழுப்பிய இரைச்சல் பதிவாகாமல் இருக்க, அதையும் அதை இயக்குபவரையும் ஓர் அறைக்குள் அடைத்து வைத்தார்கள். 1952-இல் வெளிவந்த 'சிங்கிங் இன் தி ரெயின்' இந்தக் காலத்து அல்லல்களைத்தான் நகைச்சுவையாகக் காட்டுகிறது.

இதற்கு மாற்றுக் கண்டவர்களுள் முதலில் குறிப்பிடப்படுபவர் டோரதி ஆர்ஸ்னர் என்னும் பெண் இயக்குநர். 1929-இல் 'தி வைல்ட் பார்ட்டி' படத்தை இயக்கியபோது, நாயகி கிளாரா போ ஒளித்து வைத்த ஒலிவாங்கிக்குக் கட்டுப்பட்டு நிற்க இயலாமல் திணறினார். துடிப்புடன் ஓடியாடி நடிப்பதே அவருடைய இயல்பு. அவரை ஓரிடத்தில் நிற்கச் சொல்வதற்குப் பதிலாக, ஒலிவாங்கியை ஒரு மீன் தூண்டில் கழியின் முனையில் கட்டி, அவர் தலைக்கு மேலே கொண்டுசெல்லுமாறு ஆர்ஸ்னர் பணித்தார். அதே காலத்தில் வேறு படப்பிடிப்புத் தளங்களிலும் இத்தகைய முயற்சிகள் நடந்தன. எனினும், இன்று 'பூம்' என்று வழங்கும் ஒலிவாங்கிக் கழியின் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் அந்தத் தூண்டிலிலிருந்தே தொடங்குகிறார்கள்.

பேசுபவர் கருவியிடம் வரவேண்டும் என்ற நிலை மாறி, கருவி பேசுபவரிடம் செல்லத் தொடங்கியது அப்போதுதான். இதைப் படித்தபோது, "சத்தமாகப் பேசு" என்ற என் குரல் எனக்கே கேட்டது.

பம்பாயின் இரவுகளும் தமிழின் முதற்பேச்சும்

இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14 அன்று பம்பாயில் வெளியானது. அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனம் அதைத் தயாரித்தது. படப்பிடிப்புத் தளத்தின் அருகிலேயே இருப்புப்பாதை இருந்தது. ஆகவே ரயில்கள் ஓய்ந்த பின்னிரவு நேரங்களில் படமெடுத்தார்கள். ஒலிவாங்கிகளை நடிகர்களின் அருகே கண்ணுக்குத் தெரியாத இடங்களில் மறைத்து வைத்தார்கள். எம்ஆர்டி தடத்துக்கு அருகே பாடம் நடத்தும் நம் ஆசிரியர்களுக்கு இந்த இக்கட்டு நன்கு புரியும்!

அதே நிறுவனத்தின் தயாரிப்பாக, எச். எம். ரெட்டி இயக்கத்தில், 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியானது. நாயகி டி. பி. ராஜலட்சுமி அதில் தமிழில் பேசினார். நாயகன் தெலுங்கில் பேசினார். முழுநீளத் திரைப்படத்தில் தமிழ் முதன்முதலில் ஒலித்தது இவ்வாறுதான்.

அக்கால நடிகர்கள் பலர் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடியும் பேசியும் பழகியவர்கள். எஸ். ஜி. கிட்டப்பாவின் ஐந்து கட்டைச் சுருதியை இன்றும் வியந்து பேசுவோர் உண்டு. மேடைக்கு அது தேவையாக இருந்தது. ஒலிவாங்கி வாயருகே வந்தபின், மெல்லப் பேசுபவருக்கும் திரையில் இடம் கிடைத்தது.

ஜாலான் அம்பாஸில் நம்மவர்கள்

இனி நம் ஊருக்கு வருவோம். லிட்டில் இந்தியாவிலிருந்து சிராங்கூன் சாலை வழியே வடக்கே சென்று பாலஸ்டியர் பக்கம் திரும்பினால், ஜாலான் அம்பாஸ் என்னும் சிறிய தெரு வரும். ஷா சகோதரர்களின் மலாய்ப் படத் தயாரிப்புக் கூடம் 1947 முதல் 1967 வரை அங்கே இயங்கியது. அங்கு உருவான மலாய்ப் படங்களின் தொடக்ககால இயக்குநர்களுள் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும். 1934-இலேயே சிங்கப்பூரில் 'லைலா மஜ்னூன்' எடுத்த பி. எஸ். ராஜ்ஹன்ஸ், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன், வங்கத்தின் பானி மஜும்தார் ஆகியோர் அவர்களுள் சிலர். தமிழில் 'ரம்பையின் காதல்' (1939) படத்தை இயக்கிய பி. என். ராவ், பின்னர் சிங்கப்பூரின் மற்றொரு கூடமான கேத்தே கெரிஸுக்காக 'பொந்தியானாக்' (1957) படத்தை இயக்கினார்.

இவர்கள் இந்தியத் திரையுலகின் தொழில்முறைகளையும் உடன் கொண்டுவந்தார்கள். அவற்றுள் ஒன்று பின்னணிப் பாடல். மலாய்த் திரையுலகின் மாபெரும் கலைஞரான பி. ரம்லி, 1948-இல் ஜாலான் அம்பாஸுக்கு வந்தபோது பின்னணிப் பாடகராகவே வந்தார். பிறகு எல். கிருஷ்ணனின் 'பக்தி' (1950) படத்தில் கதாநாயகரானார். அவரே இயக்கிய 'செனிமான் பூஜாங் லாப்போக்' (1961), நடிகர்களாக முயலும் மூன்று நண்பர்களின் கதை. படப்பிடிப்புத் தளமே அதில் கதைக்களமாக வருவதால், அக்காலத் திரைப்படத் தொழிலின் சூழலை அறிய மாணவர்களுக்கு அது நல்ல சாளரம்.

காணாமற்போய்த் திரும்பிய கழி

தமிழ்த் திரையுலகில் ஒலிவாங்கிக் கழிக்கு ஒரு நீண்ட இடைவெளி நேர்ந்தது. வெளிப்புறப் படப்பிடிப்புகள் பெருகியபோது, எளிதில் தூக்கிச் செல்லத்தக்க படக்கருவிகள் பயன்பாட்டுக்கு வந்தன. அவை இரைச்சல் மிக்கவை. ஆகவே படப்பிடிப்பின்போது பதிவாகும் குரலைக் கைவிட்டு, பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் மீண்டும் பேசிச் சேர்க்கும் 'டப்பிங்' முறை வழக்கமாயிற்று. இதனால் சிறந்த குரல் கலைஞர்கள் பலர் நமக்குக் கிடைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் நடித்த கணத்தில் எழுந்த குரல் போய்விட்டது.

2001-இல் இந்தியில் வெளிவந்த 'லகான்' நேரடி ஒலிப்பதிவை மீண்டும் பேசுபொருளாக்கியது. தமிழில் 2004-இல் வெளிவந்த கமல்ஹாசனின் 'விருமாண்டி'யும் அம்முறையைக் கையாண்டது. கழி மீண்டும் நடிகரின் தலைக்கு மேலே வந்தது.

வீட்டுப் பொருள்களால் ஒரு தாங்கி

இவ்வளவும் அறிந்தபின் சும்மா இருக்க முடியவில்லை. ஆர்ஸ்னருக்கு ஒரு தூண்டில் போதுமென்றால், நமக்கு எது? விடை எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டின் சமையலறைச் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துணி உலர்த்தும் மூங்கில் கழிதான் அது!

முதல் முயற்சியில் ஒரு மாணவன் கழியைத் தலைக்கு மேலே பிடித்தான். இரண்டு நிமிடங்களில் அவன் கைகள் நடுங்கின. அந்த நடுக்கமும் ஒலியாகப் பதிவாயிற்று. மின்பணியாளராக வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு மாணவனின் தாத்தா இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சர், தைப்பூசத்துல காவடி தூக்குறவங்களப் பாத்திருக்கீங்கள்ல? ரெண்டு பக்கமும் பாரம் சமமா இருந்தாத்தான் பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு வரைக்கும் நடக்க முடியும். இதுக்கும் பின்னால ஒரு பாரத்தக் கட்டுங்க" என்றார்.

அவர் சொன்னதை நாங்கள் கணக்காகவே போட்டுப் பார்த்தோம். கழியின் நீளம் 3 மீட்டர், எடை 900 கிராம். முனையில் ஒலிவாங்கியும் அதன் பிடியும் சேர்ந்து 300 கிராம். பின்முனையிலிருந்து 1 மீட்டர் தொலைவில் தாங்கியை வைத்தால், ஒலிவாங்கி அதிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கும். 300 பெருக்கல் 2, ஆக 600. கழியின் நடுப்புள்ளி தாங்கியிலிருந்து அரை மீட்டர் முன்னால் உள்ளது. 900-இல் பாதி 450. மொத்தம் 1,050. எனவே பின்முனையில் ஏறத்தாழ 1 கிலோ தேவை. ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பிய புட்டியைத் தொங்கவிட்டோம். கழி அசையாமல் நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

தாங்கிக்குப் பழைய விளக்குக் கம்பம் ஒன்றைப் பயன்படுத்தினோம். ஜாலான் புசார் வன்பொருள் கடையில் வாங்கிய பிவிசி குழாய்த் துண்டின் மேற்பாதியை வெட்டிக் கவட்டை போலாக்கிக் கம்பத்தின் தலையில் பொருத்தினோம். அதில் பழைய துணியைச் சுற்றியதால் உராய்வொலி அடங்கியது. ஒலிவாங்கி கழியை நேரே தொடாதபடி தலைமுடி கட்டும் மீள்பட்டைகளில் தொங்கவிட்டோம். தவறி விழாமலிருக்க ஒரு கயிற்றாலும் கட்டினோம். கம்பத்தின் காலில் 5 கிலோ அரிசிப் பை. நடமாடும் காட்சிக்கு இத்தாங்கி உதவாது. அமர்ந்தோ நின்றோ பேசும் காட்சிக்குப் போதுமானது.

இவ்வளவு பாடு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் இடையிலுள்ள தூரம் இரு மடங்கானால், நேரே வந்து சேரும் குரலின் அழுத்தம் பாதியாகக் குறைகிறது. அறையின் எதிரொலியும் மின்விசிறியின் இரைச்சலுமோ ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன. மூன்று மீட்டரில் தேய்ந்துபோன குரல், அரை மீட்டரில் முழுமையாகக் கிடைக்கிறது. பேசுபவர் குரலை உயர்த்த வேண்டியதே இல்லை.

மீண்டும் அதே வரி

2005-ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் தர வேண்டும் என்று வலியுறுத்தியதை நாம் அறிவோம். பேசச் சொல்லித் தருவதைப் பற்றி நாம் நிறையவே உரையாடியிருக்கிறோம். கேட்பதைப் பற்றி அவ்வளவு உரையாடியதாக எனக்கு நினைவில்லை. வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் ஒரு குழந்தை, தயங்கித் தயங்கி ஒரு தமிழ் வாக்கியத்தைச் சொல்லும்போது, நாம் எத்தனை மீட்டர் தொலைவில் நிற்கிறோம்? நான் இப்போது கரும்பலகை அருகே நின்றபடி "சத்தமாக" என்று சொல்வதை விட்டுவிட்டேன். அந்த மேசைக்கு நடந்து செல்கிறேன்.

அந்த இறுதிக் காட்சியை நாங்கள் மறுபடியும் எடுத்தோம். மின்விசிறியை நிறுத்தினோம். ரயில் கடந்து போகும்வரை காத்திருந்தோம். ஒலிவாங்கி அவள் தலைக்கு மேலே, படச்சட்டத்துக்குச் சற்று வெளியே நின்றது. முன்பு கை நடுங்கிய மாணவன் காதணிக் கேட்பியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டான். "பேசலாம்" என்று கைகாட்டினான். அவள் தன் இயல்பான மெல்லிய குரலில் அந்த வரியைச் சொன்னாள். ஒரே முறைதான்.

திருத்திய படத்தை ஒரு குறுந்தட்டில் பதிந்து அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலை அவள் வகுப்புக்கு வந்தபோது கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. "பாட்டி குடுத்தாங்க, டீச்சர்" என்றாள். வகுப்பின் கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் அது கேட்டது.