கொழுக்க வைத்த மருந்து

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ காய்ச்சலுற்ற குழந்தைக்கு மருந்து வாங்கும் தாய், பன்றிப் பண்ணையை நினைப்பதில்லை. ஆயினும் இரண்டிற்கும் தொடர்புண்டு.

1928இல் பெனிசிலினைக் கண்ட பிளெமிங், 1945இல் தம் நோபெல் உரையிலேயே எச்சரித்தார்: குறைந்த அளவில் மருந்திட்டால் கிருமி சாகாது, எதிர்க்கப் பழகிவிடும். ஐந்தாண்டுகள் கழித்து, ஓரியோமைசின் சிறிது கலந்த தீவனத்தால் கால்நடைகள் விரைந்து வளர்வதை அமெரிக்க ஆய்வாளர் அறிவித்தனர். பிளெமிங் அஞ்சிய அக்குறைந்த அளவே தொழுவங்களில் நாள்தோறும் தீவனமாயிற்று.

இதன் தீங்கை 1969இல் பிரித்தானியாவின் சுவான் குழு எடுத்துரைத்தது. 2015இல் சீனத்துப் பன்றிகளிடம், இறுதித் துணையாகிய கொலிஸ்ரின் மருந்தையும் எதிர்க்கும் மரபணு வெளிப்பட்டது. அது ஒரு கிருமியிலிருந்து வேறு இனக் கிருமிக்கும் தாவவல்லது. அம்மருந்தைத் தீவனத்திற் கலப்பதைச் சீனா 2017இலும், உணவுக்கான விலங்குகளுக்கு வழங்குவதை இந்தியா 2019இலும் தடுத்தன.

நம் நாட்டில் புத்தளம் முதல் கொழும்பு வரையுள்ள மேற்குக் கரையோரத்திலேயே பன்றி வளர்ப்பு மிகுதி. பண்ணைக் கழிவு தூய்மை செய்யப்படாது ஆற்றில் சேருமாயின், மருந்தை வென்ற கிருமியும் உடன் சேரும். களனி கங்கையோ கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலேயே கடலிற் கலக்கிறது. ஆதலால், நோயுற்ற விலங்கிற்கு மருத்துவர் சொற்படி மருந்து தருக; கொழுக்க வைப்பதற்காகத் தராதிருப்போமாக. அக்குழந்தைக்கு நாளையும் மருந்து பலிக்க வேண்டும்.