எடுப்புக் கக்கூஸும் டெல்டாவின் ஈர மண்ணும்

மலத்தைத் தண்ணீரின்றி ஒரு வாளியிலோ தரையிலோ தேங்கவிட்டு, மறுநாள் மனிதர் கையால் அள்ளிச்செல்லும் எடுப்புக் கக்கூஸ், சீர்காழியை உள்ளடக்கிய பழைய தஞ்சை மாவட்டத்து நகரங்களில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை வழக்கில் இருந்தது. கொல்லைச் சுவரின் அடியில் விடப்பட்ட சிறு திறப்பின் வழியே, பின்சந்தில் வரும் தொழிலாளி மலத்தை வாரிச் சாம்பல் தூவிச் செல்வார். வீட்டார் அவர் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியிராத அந்தக் கட்டட அமைப்பு, சுகாதாரத்தைக் காட்டிலும் சாதியைக் கருதியே வகுக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. இம்முறையை 1993, 2013 ஆகிய ஆண்டுகளின் நடுவண் சட்டங்கள் தடைசெய்தன.

மாற்றாக வந்த உறிஞ்சுகுழிக் கழிப்பறை, அதாவது கழிவுநீரை மண்ணே உறிஞ்சிக்கொள்ளும் வகை, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் எளிதில் செல்லுபடியாகவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிலத்தடி நீர் மேலேறிக் குழியை நிரப்பிவிடும், அருகிலுள்ள கிணறும் அடிபம்பும் கெடும். இதற்கு விடையாகக் காவிரியின் மேற்போக்கில், முசிறியில், ‘ஸ்கோப்’ தொண்டு நிறுவனம் 2000களில் பரப்பிய சூழல் கழிப்பறையில், மலம் தரைக்கு மேலே கட்டப்பட்ட அறையில் சாம்பலோடு மக்கி எருவாக, சிறுநீர் தனியே பிரிந்து வயலுக்குப் போனது. அங்குள்ள பொதுக் கழிப்பறையில் கட்டணம் வாங்குவதற்குப் பதிலாக, பயன்படுத்தியவருக்கே சில்லறை கொடுத்தார்கள்.