அட்டையைத் தட்டினால் கதவு திறக்கிறது... அனுமதி கொடுப்பது யார்?

காலையில் அலுவலகத்துக்குப் போறீங்க. அட்டையைத் தட்டுறீங்க. 'பீப்' சத்தம், பச்சை விளக்கு, கதவு திறந்துவிடுகிறது.

கதவோரம் இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டிதான் முடிவெடுக்கிறது என்று நினைக்கிறீர்களா? பெரும்பாலான அலுவலகங்களில் அப்படி இல்லை. அது வெறும் ரீடர். அட்டையிலுள்ள எண்ணைப் படித்து உள்ளே அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது.

"இவரை விடலாமா?" என்று தீர்மானிப்பது கண்ட்ரோலர். அது கதவுக்கு உட்புறம், கூரைப் பலகைக்கு மேலேயோ பூட்டிய அறையிலோ இருக்கும். வெளியே வைத்தால் திருடன் பெட்டியைக் கழற்றி இரண்டு கம்பிகளை இணைத்தே கதவைத் திறந்துவிடுவானே!

அப்போ சர்வர் எதுக்கு? யாருக்கு எந்தக் கதவு, எத்தனை மணிவரை என்ற முழுப் பட்டியலும் அங்குதான் இருக்கிறது. யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவும் அங்கேதான்.

சர்வர் படுத்துவிட்டால்?

நல்ல அமைப்பில் கதவுகள் வழக்கம்போல் திறக்கும். பட்டியலின் பிரதி ஒன்று கண்ட்ரோலரிடம் இருக்கும். ஆனால் சிக்கலும் அங்கேதான். நேற்று நீங்கள் தொலைத்த அட்டையை இன்று ரத்து செய்தாலும், அந்தத் தகவல் கண்ட்ரோலருக்குப் போய்ச் சேராது. அட்டையைக் கண்டெடுத்தவர் தாராளமாக உள்ளே வரலாம். புதிதாகச் சேர்ந்த ஊழியரோ வாசலில் நிற்பார்.

எல்லாவற்றையும் ஒரே கட்டமைப்பில் தொங்கவிட்டால் இன்னும் மோசம். 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக் சுமார் 6 மணி நேரம் முடங்கியது. ஊழியர்கள் சிலரின் நுழைவு அட்டைகளும் அன்று வேலை செய்யவில்லை என்று செய்திகள் வந்தன. பழுதுபார்க்க வேண்டியவர்களே வெளியில் நின்றால் எப்படி?

மின்சாரம் போனால்?

அது பூட்டைப் பொறுத்தது. காந்தப் பூட்டுக்கு மின்சாரம் இருந்தால்தான் பிடிப்பு. சாதாரண ஒன்றே சுமார் 270 கிலோ விசையைத் தாங்கும். மின்சாரம் நின்றால் பிடி விட்டுவிடும். அதனால்தான் பேட்டரி வைக்கிறார்கள். வேறு சில பூட்டுகள் மின்சாரம் இல்லாதபோது வெளியிலிருந்து வருபவர்களுக்குத் திறக்காது. உள்ளே இருப்பவர்கள் கைப்பிடியைத் திருகி வெளியேறலாம்.

காந்தப் பூட்டுள்ள கதவின் உட்புறம் 'அவசரத்தில் உடைக்கவும்' என்ற சிறு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் பச்சை நிறத்தில். அது சர்வரையும் கேட்காது, கண்ட்ரோலரையும் கேட்காது. பூட்டுக்குப் போகும் மின்சாரத்தை நேரடியாகத் துண்டித்துவிடும்.