ரசனையின் உறவும் அறத்தின் உறவும்: பிரிட்டனின் ஸ்கின்ஹெட் இளைஞர் பண்பாடு குறித்து

முன்னுரை

ஒட்ட வெட்டிய தலைமுடி, கனத்த பூட்ஸ், தோள்வார் மாட்டிய ஜீன்ஸ்: இந்தத் தோற்றத்தைப் பற்றி பிரிட்டனில் இரண்டு கதைகள் வழங்குகின்றன. முதல் கதையில் ஸ்கின்ஹெட் என்பவன் பிறவியிலேயே பாசிச அடியாள். இரண்டாவது கதையில் அவன் ஜமைக்க இசைக்கு மயங்கி, கறுப்பின நண்பர்களோடு ஆடிய தொழிலாளி வீட்டுப் பையன். 1970களின் இறுதியில் தீவிர வலதுசாரிகள் வந்து அவனைக் கெடுத்தார்கள் என்கிறது அக்கதை. முதல் கதையைச் செய்தித்தாள்கள் வளர்த்தன. இரண்டாவதை அந்நாளைய ஸ்கின்ஹெட்களும் இசை வரலாற்றாளர்களும் போற்றுகிறார்கள்.

இரண்டாவது கதையில் உண்மை கூடுதல் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 1970 ஏப்ரலை அந்தக் கதையால் விளக்க முடியாது. ஜமைக்காவின் ரெகே இசைமீது ஸ்கின்ஹெட்களின் மோகம் உச்சத்தில் இருந்த அந்த மாதத்தில்தான் கிழக்கு லண்டனில் தோசிர் அலி என்ற தொழிலாளி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் தாக்கிக் கொல்லப்பட்டார். தெற்காசியரைத் தேடிப் பிடித்து அடிக்கும் வழக்கம் அந்த வசந்தத்தில் ஸ்கின்ஹெட்களின் பெயரோடு சேர்த்தே பேசப்பட்டது. அவர்களைக் கெடுத்ததாகச் சொல்லப்படும் அமைப்புகள் இசை அரங்குகளுக்குள் நுழைய இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

இக்கட்டுரையின் வாதம் இது: ஸ்கின்ஹெட்களுக்கும் கரீபிய இளைஞர்களுக்கும் இசையால் வாய்த்த உறவு உண்மையானது, ஆனால் அது பள்ளிக்கும் தெருவுக்கும் நடன அரங்குக்கும் உட்பட்ட உறவு. அந்த எல்லைக்கு வெளியே வாழ்ந்தவருக்கு அது எந்தக் காப்பும் அளிக்கவில்லை. இனவெறி எதிர்ப்பு ரசனையிலிருந்து தானாக விளையவில்லை. அதை ஒரு நிலைப்பாடாக அறிவித்து, அதற்காக விலை கொடுக்க முன்வந்தபோதுதான் அது உருவானது.

இடிந்த தெருக்களும் கடல் கடந்த இசையும்

1960களின் பிற்பகுதியில் கிழக்கு லண்டனின் வாழ்க்கை அடித்தளத்தோடு ஆட்டம் கண்டது. ஈஸ்ட் இந்தியா கப்பல்துறை 1967இல் மூடப்பட்டது. செயின்ட் கேதரின் கப்பல்துறை அடுத்த ஆண்டில். தலைமுறை தலைமுறையாகத் தந்தைக்குப் பின் மகன் சென்ற வேலை மறையத் தொடங்கியது. பழைய வரிசை வீடுகளை இடித்துவிட்டு அந்த இடத்தில் அடுக்குமாடிகளை எழுப்பினார்கள். அவற்றில் ஒன்றான 22 மாடி ரோனன் பாயின்ட் 1968 மே 16 அன்று ஒரு மூலை இடிந்து சரிந்து நால்வரைப் பலிகொண்டது. குடியிருக்கும் பேட்டையே தன் கையில் இல்லை என்ற உணர்வு தொழிலாளர் குடும்பங்களில் ஆழப் பதிந்தது.

அதே தெருக்களில் வளர்ந்த பையன்கள் உழைப்பாளியின் உடையைத் தங்கள் பெருமையாக்கிக்கொண்டார்கள். 1960இல் வேலைக்கான காலணியாகச் சந்தைக்கு வந்த டாக்டர் மார்ட்டென்ஸ் பூட்ஸ், பென் ஷெர்மன் சட்டை, வேலைத்தளத்து ஜீன்ஸ் ஆகியவை நவநாகரிக உடைக்குப் பேர்போன மாட் இளைஞர்களின் நேர்த்தியோடு கலந்தன. மாலையில் அணியும் கிராம்பி கோட்டில் மடிப்புக் கலையக் கூடாது. இந்தக் கவனம் முழுக்கத் தொழிலாளி வர்க்கத்தின் தன்மானத்தைச் சார்ந்தது.

தோற்றத்தின் மறுபாதி ஜமைக்காவிலிருந்து வந்தது. 1948 முதல் குடியேறிய கரீபியக் குடும்பங்களின் பிள்ளைகள் இந்தப் பையன்களின் வகுப்பறைகளிலேயே படித்தார்கள். கிங்ஸ்டனின் ரூட் பாய் இளைஞர்களின் குட்டைக் கால்சட்டையும் மிடுக்கு நடையும் அப்பிள்ளைகள் வழியே பரவின. 1968இல் தொடங்கிய ட்ரோஜன் ரெக்கார்ட்ஸ் ரெகே தட்டுகளை மலிவாக வெளியிட்டது. 1969 ஏப்ரலில் ஜமைக்கப் பாடகர் டெஸ்மண்ட் டெக்கரின் ‘இஸ்ரேலைட்ஸ்’ பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கரீபியப் பின்னணி கொண்ட சிமாரிப் குழு ஸ்கின்ஹெட்களுக்கென்றே பாட்டெழுதியது. இந்தக் கலப்பு இல்லாவிட்டால் ஸ்கின்ஹெட் என்ற உருவமே பிறந்திருக்காது.

ஆய்வுமரபு கேட்காத கேள்வி

பர்மிங்காம் பண்பாட்டு ஆய்வு மையம் இந்த இளைஞர்களை முதன்முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டது. ஃபில் கோஹன் 1972இல் எழுதிய கட்டுரை, பெற்றோர் தலைமுறையின் தீராத முரண்களுக்குப் பிள்ளைகள் தேடும் கற்பனைத் தீர்வாக இளைஞர் உட்பண்பாடுகளைக் கண்டது. ஜான் கிளார்க் அதை ஸ்கின்ஹெட்களுக்கு விரித்துப் பொருத்தினார். சிதைந்துபோன தொழிலாளர் சமூகத்தைப் பையன்கள் உடையிலும் பேட்டைப் பற்றிலும் கால்பந்து மைதானத்திலும் மாயமாக மீட்டெடுக்க முயன்றார்கள் என்பது அவர் விளக்கம். ‘சடங்குகள் வழியே எதிர்ப்பு’ என்ற 1976ஆம் ஆண்டுத் தொகுப்பில் இது இடம்பெற்றது.

இந்த விளக்கம் பையன்களின் இழப்பை மிகுந்த பரிவோடு அளக்கிறது. அந்தப் பரிவு தேவையானதே. ஆனால் மீட்கப்பட்ட சமூகத்திற்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கேள்வி அதில் ஓரத்திலேயே நிற்கிறது. அடிபட்ட தெற்காசியர், அடித்தவனின் துயரத்துக்கு ஓர் அறிகுறியாகச் சுருங்கிவிடுகிறார்.

ஜெஃப்ரி பியர்சன் அதே 1976இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கவனத்துக்குரியது. லங்காஷயரின் நெசவு நகரமான அக்ரிங்டனில் 1964இல் பாகிஸ்தானியர்மீது நடந்த தாக்குதல்களை அவர் ஆராய்ந்து, பருத்தித் தொழிலின் வீழ்ச்சியோடு அவற்றை இணைத்தார். ஸ்கின்ஹெட் என்ற தோற்றம் உருவாவதற்குமுன்பே அந்த வன்முறை இருந்தது. ஆகவே முடிவெட்டும் பூட்ஸும் வெறுப்பைப் பிறப்பிக்கவில்லை. சமூகத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வெறுப்பு அந்தத் தோற்றத்தில் குடியேறியது. 1968 ஏப்ரல் 20 அன்று கன்சர்வேடிவ் அரசியல்வாதி ஈனக் பவல் குடியேற்றத்துக்கு எதிராகப் பேசிய சில நாள்களில், லண்டன் கப்பல்துறைத் தொழிலாளர்களே அவரை ஆதரித்து நாடாளுமன்றம் நோக்கி ஊர்வலம் போனார்கள். பிள்ளைகள் கற்றது பெரியவர்களிடமிருந்துதான்.

ஒருவர் நண்பர், மற்றவர் இரை

அப்படியென்றால் கரீபியர் ஓரளவு உள்ளே வந்ததும் தெற்காசியர் வெளியே நின்றதும் ஏன்? ஒரே பள்ளி, ஒரே மொழி, ஒரே இசை ஆகியவற்றால் கரீபிய இளைஞர் ‘நம்ம ஆள்’ ஆனார். கிழக்கு லண்டனின் வங்காளிகளில் பெரும்பாலோர் இன்றைய வங்காளதேசத்தின் சில்ஹெட்டிலிருந்து தனியாக வந்த ஆண்கள். பகலில் தையற்கூடத்திலும் இரவில் உணவக அடுக்களையிலும் உழைத்தார்கள். பையன்களோடு பழக அவர்களுக்கு வகுப்பறையும் இல்லை, நடன அரங்கும் இல்லை. நள்ளிரவில் வேலை முடிந்து தனியே நடந்துவரும் மனிதர்களாக மட்டுமே பையன்களின் கண்ணில் பட்டார்கள்.

உள்ளே வந்தவரின் இடமும் நிலையானதாக இல்லை. 1979இல் வெளிவந்த தம் நூலில் பண்பாட்டு ஆய்வாளர் டிக் ஹெப்டிஜ் இதைக் காட்டுகிறார்: 1970களின் தொடக்கத்தில் ரெகே ராஸ்தாஃபாரி நம்பிக்கையையும் ஆப்பிரிக்க நினைவையும் நோக்கித் திரும்பியபோது வெள்ளைப் பையன்கள் அந்த இசையில் தங்களுக்கு இடம் காணவில்லை. பாட்டு தங்களைப் பற்றியதாக இருந்தவரைதான் நட்பு நீடித்தது என்றால், அந்த நட்பின் ஆழத்தை நாம் மிகைப்படுத்தக் கூடாது.

1981: ஒரே கோடையில் இரு வழிகள்

1977க்குப் பிறகு பங்க் இசையோடு ஸ்கின்ஹெட் தோற்றம் மீண்டும் எழுந்தது. இம்முறை அதைச் சூழ்ந்திருந்தது வேலையின்மை. 1982 தொடக்கத்தில் வேலையற்றோர் தொகை 30 லட்சத்தைத் தாண்டியது. நேஷனல் ஃப்ரன்ட், பிரிட்டிஷ் மூவ்மென்ட் என்ற தீவிர வலதுசாரி அமைப்புகள் கால்பந்து மைதான வாசல்களிலும் இசை அரங்குகளிலும் ஆள் சேர்த்தன. அவை எதையும் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. பேட்டையின் எல்லையை நிறத்தின் எல்லையாக மாற்றினால் போதுமாக இருந்தது.

1978 மே 4 அன்று வைட்சாப்பலில் ஆடைத் தொழிலாளி அல்தாப் அலி மூன்று பதின்வயதினரால் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து ஏறத்தாழ 7,000 பேர் அவரது சவப்பெட்டியின் பின்னே மத்திய லண்டனுக்கு நடந்தார்கள். இரையாக மட்டுமே பார்க்கப்பட்டவர்கள் அன்று அரசியல் சக்தியாக எழுந்தார்கள். 1981 ஜூலை 3 அன்று சவுத்ஹாலின் ஹாம்ப்ரோ டேவர்ன் மதுவிடுதியில், பங்க்கின் கிளையான ஆய் (Oi!) இசைக்குழுக்கள் பாட வந்தன. வெளியூரிலிருந்து வந்த ஸ்கின்ஹெட்கள் கடைகளைத் தாக்கியதும் உள்ளூர் தெற்காசிய இளைஞர்கள் திரண்டு எதிர்த்தார்கள். அன்றிரவு மதுவிடுதி எரிந்தது.

மாற்றுவழியும் அப்போதே திறந்திருந்தது. ஜெர்ரி டாமர்ஸ் 1979இல் கோவென்ட்ரியில் தொடங்கிய டூ டோன் நிறுவனம், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த குழுக்களை மேடையேற்றியது. அந்த ரசிகர் கூட்டத்திலும் நேஷனல் ஃப்ரன்ட் ஆதரவாளர்கள் இருந்தார்கள் என்பதே நம் வாதத்துக்குச் சான்று: மேடையில் கறுப்பினப் பாடகரைக் கொண்டாடிவிட்டு வெளியே வெறுப்பு முழக்கமிட அவர்களால் முடிந்தது. டூ டோன் கலைஞர்கள் அதைக் கண்டும் காணாமல் இருக்கவில்லை. 1981 வசந்தத்தில் சத்நாம் சிங் கில் என்ற மாணவர் கோவென்ட்ரியில் கொல்லப்பட்ட பிறகு, டாமர்ஸின் குழுவான தி ஸ்பெஷல்ஸ் தன் சொந்த ஊரிலேயே இன நல்லிணக்கத்துக்காக இசைநிகழ்ச்சி நடத்தியது. டூ டோனின் அடித்தளமான, ஜமைக்காவின் ஸ்கா இசையில் தெற்காசியருக்குப் பங்கில்லை. ஆயினும் அந்த மேடை அவருக்காக எழுந்தது. ரசனையின் உறவு அறத்தின் உறவாக மாறிய இடம் அதுதான்.

1980களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் தோன்றிய, இனவெறியை எதிர்க்கும் ஸ்கின்ஹெட்களின் ஷார்ப் இயக்கத்தை கார்டிஃப் நகரின் தி அப்ரெஸ்ட் குழுவைச் சேர்ந்த ராடி மொரேனோ பிரிட்டனில் பரப்பினார். 1987இல் இயன் ஸ்டூவர்ட் டொனால்ட்சன் தொடங்கிய பிளட் அண்ட் ஹானர் என்ற நவநாஜி வலைப்பின்னலுக்கு ஸ்கின்ஹெட்களுக்குள்ளேயே எழுந்த மறுப்பு அது. ட்ரோஜன் ரெக்கார்ட்ஸின் தலைக்கவசத்தைத் தன் சின்னமாக்கி, முன்னோர் இசைக்கு அது ஒரு கடமையைச் சேர்த்தது.

முடிவுரை

ஷேன் மெடோஸின் ‘திஸ் இஸ் இங்கிலாண்ட்’ (2006) இரண்டாவது கதையின் மிகச் சிறந்த கலைவடிவம். கறுப்பின நண்பன் அடிபடும் காட்சியில் அதன் இதயம் நொறுங்குகிறது. அதே படத்தில் மிரட்டிக் கொள்ளையிடப்படும் தெற்காசியக் கடைக்காரரோ அந்தக் காட்சியோடு நம்மைவிட்டுப் போய்விடுகிறார். ஆய்வுலகின் குறையும் இதுவே.

ஒருவரின் இசையை, உடையை, உணவை விரும்புவது அவரைச் சமமாக ஏற்பதற்கான தொடக்கமாகலாம், உறுதியாகாது. கலப்புப் பண்பாட்டைக் கொண்டாடும் எந்த ஆய்வும், அந்தக் கொண்டாட்டத்துக்கு அழைக்கப்படாதவர் யார், அவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் கேட்க வேண்டும். 1998இல் வைட்சாப்பல் பூங்காவுக்கு அல்தாப் அலியின் பெயர் சூட்டப்பட்டது. ஸ்கின்ஹெட் வரலாறும் டெஸ்மண்ட் டெக்கரோடு அல்தாப் அலியையும் தோசிர் அலியையும் தன் மையத்தில் வைத்து எழுதப்பட வேண்டும். அவர்கள் இல்லாமல் எழுதப்படும் வரலாறு பாதி வரலாறே.